லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் நகரத் தேர்தல்கள்

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளது. அந்நாட்டில் மக்கள் தொகை மிகுந்த கவுண்டி இதுவே. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இங்கு வாழ்கின்றனர். கவுண்டியை நம் நாட்டு மாவட்டத்துக்கு ஒப்பிடலாம். ஆனால் அங்கே ஆட்சியர் என்று ஒருவரை மாநில அரசு அனுப்புவதில்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து மேற்பார்வையாளர்களே அதை நடத்தி வந்துள்ளனர். கவுண்டிக்குள் 88 நகரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி நகர மன்றம் உண்டு, தனி மேயர் உண்டு, தனித் தேர்தலும் உண்டு. ஏறத்தாழ 39 லட்சம் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரும், சில நூறு பேரே குடியிருக்கும் வெர்னனும் சட்டத்தின் பார்வையில் ஒரே இனம்: இரண்டும் நகரங்கள்.

அமெரிக்கத் தேர்தல் என்றதும் அதிபர் தேர்தலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வீட்டு வாடகைக்கு வரம்பு உண்டா, எந்தத் தெருவில் அடுக்குமாடி எழலாம், காவலர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பன போன்ற அன்றாடக் கேள்விகளுக்கு விடை சொல்வது பெரும்பாலும் நகர மன்றங்களே. அம்மன்றங்களின் தேர்தல் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. யார் போட்டியிட்டார் என்பதைவிட, எல்லை எங்கே போடப்பட்டது, வாக்குப்பதிவு எந்த மாதம் நடந்தது, எத்தனை பேர் வந்து வாக்களித்தனர் என்பவையே பல இடங்களில் முடிவைத் தீர்மானித்துள்ளன.

தேர்தல் அமைப்பு

பெரும்பாலான நகரங்களில் மன்றத்துக்கு ஐந்து உறுப்பினர்கள். பதவிக் காலம் நான்கு ஆண்டுகள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. மன்ற உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரை ஓராண்டுக்கு மேயராக்குவர். அடுத்த ஆண்டு அது வேறொருவருக்குப் போகும். அத்தகைய மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், விழாக்களில் நாடா வெட்டுவார். அன்றாட நிர்வாகம் மன்றம் நியமிக்கும் நகர மேலாளரின் கையில் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், இங்கிள்வுட், காம்ப்டன் முதலிய சில நகரங்களில் மட்டுமே மேயருக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கின்றனர்.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தின் விளைவு இது. கட்சிகள் பின்னாலிருந்து ஆதரவு தருவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கும் வழி அங்கே இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் நினைவில் வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் நகரங்கள் இரு வகை. மாநிலப் பொதுச் சட்டப்படி நடப்பவை ஒரு வகை. தமக்கெனச் சாசனம் ஒன்றை வாக்கெடுப்பு மூலம் இயற்றிக்கொண்டவை மற்றொரு வகை. சாசன நகரங்களுக்கு உள்ளூர் விவகாரங்களில் கூடுதல் சுதந்திரம் உண்டு. கேட்பதற்கு வறட்டுச் சட்ட நுணுக்கம் போலத் தோன்றும் இந்த வேறுபாடுதான், பின்னர் பெல் என்ற சிறுநகரில் பெருங்கொள்ளைக்கு வாசல் திறந்தது.

1850: முதல் மன்றம்

மெக்சிகோவிடமிருந்து கலிபோர்னியா 1848இல் அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1850 ஏப்ரல் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரமாக்கப்பட்டது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 1,610. ஜூலையில் நடந்த முதல் தேர்தலில் ஆல்ஃபியஸ் ஹாட்ஜஸ் என்ற மருத்துவர் மேயரானார். வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. அமெரிக்கக் குடிமக்களாகிவிட்ட மெக்சிகோ வழியினரும் அதில் சேர்க்கப்பட்டதால், தொடக்க கால மன்றங்களில் ஸ்பானிய மொழி பேசுவோர் பலர் இருந்தனர்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு வாக்கு இல்லை. வாக்கில்லாதவர் மீது மன்றம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 1850இலேயே சான்று கிடைத்துவிட்டது. குடிபோதை முதலிய காரணங்களுக்காகச் சிறையில் அடைக்கப்பட்ட பூர்வகுடியினரின் உழைப்பைத் தனியாருக்கு ஏலம் விட மன்றம் விதி செய்தது. திராட்சைத் தோட்டக்காரர்கள் அவர்களை வாரக் கணக்கில் எடுத்துச் சென்றனர். கூலியில் ஒரு பகுதி சாராயமாகவே தரப்பட்டது. குடித்தவர் மீண்டும் கைதாகி மீண்டும் ஏலத்துக்கு வந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று முறைப்படி கூடி இயற்றிய விதி இது.

ரயில் பாதைகள் வந்து கிழக்கு மாநிலங்களிலிருந்து மக்கள் குவிந்தபின் ஸ்பானிய மொழியினரின் செல்வாக்குக் கரைந்தது. கிறிஸ்டோபல் அகிலார் 1872இல் மேயர் பதவியிலிருந்து இறங்கினார். லாஸ் ஏஞ்சலஸ் தன் அடுத்த லத்தீனோ மேயராக அன்டோனியோ வில்லரைகோசாவைத் தேர்ந்தெடுத்தது 2005இல். இடையே 133 ஆண்டுகள்.

திரும்ப அழைக்கும் உரிமை

தேர்ந்தெடுத்தவரைப் பதவிக் காலம் முடியுமுன்பே திரும்ப அழைக்கும் உரிமையை நகரச் சாசனத்தில் சேர்த்த முதல் அமெரிக்க நகரம் லாஸ் ஏஞ்சலஸ். ஜான் ராண்டால்ஃப் ஹேன்ஸ் என்ற மருத்துவர் இதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1903இல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு வேலை வந்தது. நகராட்சி அச்சு வேலைக்கான ஒப்பந்தத்தைக் குறைந்த விலை கேட்டவருக்குத் தராமல், அதிக விலை கேட்ட லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழுக்கு மன்றம் தந்தது. அதற்கு ஆதரவளித்த ஆறாவது வார்டு உறுப்பினர் ஜேம்ஸ் டேவன்போர்ட்டை அவ்வார்டு மக்கள் 1904இல் பதவியிலிருந்து நீக்கினர். அமெரிக்காவில் இம்முறையில் பதவி இழந்த முதல் ஆள் அவர். அச்சு ஒப்பந்தம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் நகராட்சி ஊழல் பெரும்பாலும் இப்படித்தான், எவர் கண்ணுக்கும் படாத ஒப்பந்தத்தில் தொடங்குகிறது.

1909இல் மேயர் ஆர்தர் ஹார்ப்பர், தம்மைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நெருங்கியபோது தாமே விலகினார். அவருக்குப் பின் ஜார்ஜ் அலெக்சாண்டர் மேயரானார். 1938இல் நடந்தது இன்னும் கடுமையானது. சூதாட்டக்காரர்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் இருந்த உறவை வெளிக்கொணர, உணவகங்கள் நடத்திவந்த கிளிஃபர்ட் கிளின்டன் முயன்றார்; அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் தரப்புக்காகத் துப்புத் துலக்கிய ஹாரி ரேமண்டின் காரில் வைக்கப்பட்ட குண்டு அவரைப் படுகாயப்படுத்தியது. குண்டு வைத்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் நகரக் காவல்துறையின் ஓர் அதிகாரி. மக்கள் மேயர் ஃபிராங்க் ஷாவை நீக்கி, நீதிபதி ஃபிளெட்சர் பௌரனை அமர்த்தினர். பௌரன் 1953 வரை நீடித்தார்.

இதற்கிடையே 1911ஆம் ஆண்டுத் தேர்தல் தனியாகச் சொல்லத்தக்கது. முந்தைய ஆண்டு அக்டோபரில் டைம்ஸ் நாளிதழின் கட்டடத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த மெக்னமாரா சகோதரர்கள் கைதாயினர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தொழிலாளர்கள் உறுதியாக நம்பினர். அவர்களின் வழக்கறிஞர்களுள் ஒருவரான ஜாப் ஹாரிமன் சோசலிச வேட்பாளராக மேயர் தேர்தலில் நின்று, முதல் சுற்றில் முதலிடம் பெற்றார். இரண்டாம் சுற்று டிசம்பர் 5. நான்கு நாளுக்கு முன், டிசம்பர் 1 அன்று, சகோதரர்கள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஹாரிமனின் ஆதரவு ஒரே நாளில் சரிந்தது. அலெக்சாண்டர் எளிதாக வென்றார். கலிபோர்னியாவில் பெண்கள் வாக்குரிமை பெற்றது அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று. ஆகவே இந்நகரப் பெண்கள் வாக்களித்த முதல் மேயர் தேர்தலும் இதுவே.

எல்லையும் இருக்கையும்

1909இல் லாஸ் ஏஞ்சலஸ் வார்டுகளை ஒழித்தது. நகர் முழுவதும் ஒரே தொகுதி என்றாகி, எல்லா உறுப்பினர்களையும் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்தனர். வார்டு முதலாளிகளின் பிடியைத் தளர்த்தவே இது என்று சீர்திருத்தக்காரர்கள் கூறினர். ஆனால் ஒரு பகுதியில் மட்டும் செறிந்து வாழும் சிறுபான்மையினருக்கும் தொழிலாளருக்கும் இம்முறையில் இடம் கிடைப்பது அரிது. 1925ஆம் ஆண்டுச் சாசனம் மீண்டும் தொகுதிகளைக் கொண்டுவந்தது; எண்ணிக்கை 15. இன்றும் அதே 15தான். ஒரு மன்ற உறுப்பினருக்கு இன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள்! நூறாண்டுகளில் மக்கள் தொகை பன்மடங்கு பெருகியும் நாற்காலிகள் கூடவில்லை.

அந்த 15 நாற்காலிகளுள் ஒன்றைப் பிடிக்க எட்வர்ட் ராய்பால் எடுத்த முயற்சி, அடிமட்ட அரசியலுக்கு நல்ல பாடம். 1947இல் கிழக்குப் பகுதியான பாயில் ஹைட்ஸ் அடங்கிய ஒன்பதாவது தொகுதியில் அவர் நின்று தோற்றார். தோல்விக்குப் பின் அவருடைய ஆதரவாளர்கள் கலைந்துபோகவில்லை. சமூக சேவை அமைப்பு என்ற பெயரில் சங்கமாகி, வீடு வீடாகச் சென்று ஆயிரக்கணக்கான மெக்சிக அமெரிக்கர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தனர். 1949இல் ராய்பால் வென்றார். 1880களுக்குப் பின் அம்மன்றத்தில் நுழைந்த முதல் மெக்சிக அமெரிக்கர் அவர். 1962இல் அவர் நாடாளுமன்றத்துக்குச் சென்றதும் அந்த இடம் போய்விட்டது. 1985இல் ரிச்சர்ட் அலடோரே வரும்வரை 23 ஆண்டுகள் மன்றத்தில் லத்தீனோ ஒருவரும் இல்லை. லத்தீனோ மக்கள் தொகை வேகமாக வளர்ந்த ஆண்டுகள் அவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கறுப்பின மக்களின் வரலாறு 1963இல் திரும்பியது. அவ்வாண்டு மூன்று கறுப்பின உறுப்பினர்கள் மன்றத்தில் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் டாம் பிராட்லி. டெக்சாஸில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் 21 ஆண்டுகள் பணியாற்றியவர். 1969இல் மேயர் சாம் யார்ட்டியை எதிர்த்து நின்று முதல் சுற்றில் முந்தினார். வாட்ஸ் கலவரம் நடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிராட்லி வந்தால் காவலர்கள் வேலையை விட்டுப் போவார்கள், தீவிரவாதிகள் நகரைப் பிடிப்பார்கள் என்ற அச்சத்தை யார்ட்டி தரப்பு ஊட்டியது. இரண்டாம் சுற்றில் பிராட்லி தோற்றார். முன்னாள் காவல் அதிகாரி ஒருவரைக் காவல்துறையின் எதிரியாகக் காட்ட முடிந்தது என்பதே அந்த அச்சத்தின் வலிமைக்குச் சான்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1973இல், அதே யார்ட்டியை அவர் தோற்கடித்தார். கறுப்பின மக்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த நகரில் தொடர்ந்து ஐந்து முறை வென்று 1993 வரை மேயராக இருந்தார். அதே 1973இல் பக்கத்து நகரான காம்ப்டனில் டோரிஸ் டேவிஸ் என்ற கறுப்பினப் பெண் மேயரானார்.

நகரங்கள் பெருகிய கதை

1950களின் தொடக்கத்தில் கவுண்டியில் இருந்த நகரங்கள் இன்று உள்ளவற்றில் ஏறத்தாழப் பாதி. மற்றவை முளைத்ததற்கு முதற்காரணம் லேக்வுட். போருக்குப் பின் அவரை விளைந்த வயல்களில் மூன்றே ஆண்டுகளில் 17,500 வீடுகள் எழும்பின. அக்குடியிருப்பைப் பக்கத்து நகரான லாங் பீச் துண்டு துண்டாக விழுங்கத் தொடங்கியது. தனி நகரமாகலாம் என்றால் காவல்துறை, தீயணைப்பு, சாலை என்று எல்லாவற்றுக்கும் செலவு. 1954இல் லேக்வுட் ஒரு புது வழி கண்டது. தனி நகரமாகி, சேவைகளை மட்டும் கவுண்டியிடமிருந்து ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது. காவலுக்குக் கவுண்டி ஷெரிப். மன்றமும் எல்லையும் மட்டும் சொந்தம். இதற்கு 'லேக்வுட் திட்டம்' என்று பெயர்.

அதன்பின் நகரங்கள் மளமளவெனத் தோன்றின. சொந்த மன்றம் இருந்தால் நிலப் பயன்பாட்டு விதியைத் தாமே எழுதலாம். வரிப் பணத்தைத் தம் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஏழைகள் வாழும் பகுதியை எல்லைக்கு வெளியே விட்டுவிடவும் முடிந்தது. 1957இல் உருவான இண்டஸ்ட்ரி என்ற நகரின் பெயரே தொழில் என்பதுதான். ரயில் பாதையை ஒட்டித் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் மட்டும் அள்ளிச் சேர்த்து அதன் எல்லை வரையப்பட்டது. நகரமாகத் தேவையான 500 பேரைக் காட்ட, எல்லைக்குள் இருந்த மனநோய் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளையும் எண்ணிக்கையில் சேர்த்தனர்.

வாடகைக்குக் குடியிருப்போரே ஒரு நகரை உருவாக்கியதும் உண்டு. வெஸ்ட் ஹாலிவுட் பகுதியில் கவுண்டியின் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வரும் நிலை. அங்கு வாழ்ந்த முதியோரும் ஒருபாலீர்ப்பினரும் கைகோத்து 1984 நவம்பரில் தனி நகரமாக வாக்களித்தனர். முதல் மன்றத்தின் பெரும்பான்மையினர் ஒருபாலீர்ப்பினர். அமெரிக்காவில் அதற்கு முன் அப்படி ஒரு மன்றம் அமைந்ததில்லை. அம்மன்றத்தின் முதல் வேலைகளுள் ஒன்று வாடகைக்கு வரம்பிட்டது. 1991இல் மாலிபுவும் கலபாசாஸும் சேர்ந்ததுடன் 88 என்ற கணக்கு நின்றது.

வெர்னன்: வாக்காளரைத் தேர்ந்தெடுத்த நகரம்

1905இல் தொழிற்சாலைகளுக்கெனவே அமைக்கப்பட்டது வெர்னன். ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலைக்கு வந்து போகின்றனர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடியிருந்தோர் 112 பேர். வீடுகளுள் பெரும்பாலானவை நகராட்சிக்கே சொந்தம். அவற்றில் குடியிருந்தோர் பெரும்பாலும் நகராட்சி ஊழியரும் அவர்தம் குடும்பத்தாருமே. வாக்காளரின் வீடும் வேலையும் மன்றத்தின் கையில் இருக்கும்போது தேர்தல் எதற்கு? ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் அங்கே போட்டியுள்ள தேர்தலே நடக்கவில்லை.

2006இல் வெளியாட்கள் எட்டுப் பேர் ஒரு கட்டடத்தில் குடியேறி வாக்காளராகப் பதிந்தனர். அவர்களுள் மூவர் மன்றத்துக்கு மனுத் தாக்கல் செய்தனர். நகர நிர்வாகம் கட்டடம் பாதுகாப்பற்றது என்று அறிவித்து அவர்களை வெளியேற்றியது. அவர்களின் வாக்காளர் பதிவையும் நீக்கியது. நீதிமன்றம் தலையிட்டு ஏப்ரலில் தேர்தல் நடந்தபோதும், வாக்குகள் அக்டோபரில்தான் எண்ணப்பட்டன. பழைய உறுப்பினர்களே வென்றனர். வந்தவர்களும் தூய நோக்கத்தோடு வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. நகரின் வருவாய் எவர் கண்ணையும் ஈர்க்கக்கூடியது. ஆனால் குடியேறியவரின் வாக்கை மன்றமே நீக்கலாம் என்றால் அது வேறு விஷயம்.

நீண்ட காலம் மேயராக இருந்த லியோனிஸ் மால்பர்க், நகரை நிறுவியவரின் பேரன். அவர் உண்மையில் வாழ்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் செல்வர் பகுதி ஒன்றில். வெர்னனில் வாழ்வதாகச் சொல்லி வாக்களித்ததற்காக 2009இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2011இல் வெர்னனின் நகரத் தகுதியையே நீக்கும் மசோதா மாநிலக் கீழவையில் நிறைவேறி மேலவையில் தோற்றது. நகரம் பிழைத்தது, சீர்திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்டது, சில ஆண்டுகளில் நகராட்சிக்குச் சொந்தமில்லாத புதுக் குடியிருப்பும் எழுந்தது.

பெல்: நானூறுக்கும் குறைவான வாக்குகள்

கவுண்டியின் தென்கிழக்கில் பெல், மேவுட், கடஹி, சவுத் கேட் முதலிய சிறுநகரங்கள் நெருக்கமாக உள்ளன. ஒரு காலத்தில் இவை வெள்ளையின ஆலைத் தொழிலாளரின் ஊர்கள். சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இலும் மூடப்பட்டன. பழைய குடிகள் வெளியேற, மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அவ்வீடுகளில் குடியேறினர். பலருக்குக் குடியுரிமை இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. உரிமை இருந்தவர்களும் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு நகர மன்றக் கூட்டத்துக்கு வரும் நிலையில் இல்லை. உள்ளூர்ச் செய்தித்தாள்களும் நலிந்துபோயின.

ஏறத்தாழ 36,000 பேர் வாழும் பெல்லில் 2005 நவம்பரில் ஒரு தனி வாக்கெடுப்பு நடந்தது. வேறெந்தத் தேர்தலும் அன்று இல்லை. பெல்லைச் சாசன நகரமாக்கலாமா என்பதே கேள்வி. மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் விதிக்கும் வரம்பு சாசன நகரங்களைக் கட்டுப்படுத்தாது என்பது வாக்காளருக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. பதிவான வாக்குகள் நானூறுக்கும் குறைவு. அவற்றிலும் பாதிக்கு மேல் அஞ்சல் வாக்குகள். சாசனம் நிறைவேறியது.

அடுத்த ஐந்தாண்டுகளில் நடந்ததை 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் இருவரும் வெளியிட்டனர். பக்கத்து ஊரான மேவுட்டின் நிர்வாகச் சிக்கலை விசாரிக்கப் போய், அதை ஏற்று நடத்த முன்வந்த பெல்லின் கணக்கில் அவர்கள் இடறினர். நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க அதிபரின் சம்பளம் 4,00,000 டாலர்! மன்ற உறுப்பினர்களுள் நால்வர், பகுதிநேர வேலைக்கு ஆளுக்கு ஏறத்தாழ 1,00,000 டாலர் பெற்றனர். கூடவே கூடாத வாரியங்களில் உறுப்பினர் என்ற பெயரிலேயே அதில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெல்லின் சொத்து வரி விகிதம் கவுண்டியிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. காவலர்கள் சிறு காரணங்களுக்காகக் கார்களைப் பறிமுதல் செய்தனர்; திரும்பப் பெற 300 டாலர் கட்டணம். காரை விட்டால் வேலைக்குப் போக முடியாத ஊரில், உரிமம் இல்லாத குடியேறிகளிடம் இது கறக்கப்பட்டது. வாக்கில்லாதவர் கட்டிய பணம், நானூறு பேர் கூட வாக்களிக்காத ஒரு தேர்தலின் வழியே சிலர் பைக்குப் போனது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

செய்தி வெளியானதும் ஊர் திரண்டது. மக்கள் அமைத்த இயக்கத்துக்கு 'பாஸ்டா' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'போதும்' என்று பொருள். 2011 மார்ச் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் மேயர் உள்ளிட்டோர் திரும்ப அழைக்கப்பட்டனர். நீக்கத்துக்கு ஆதரவாக நூற்றுக்கு ஏறத்தாழ 95 வாக்குகள். மன்றம் முழுதும் புதிதாயிற்று. லெபனான் குடியேறிகளின் மகனும் பாஸ்டாவைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான அலி சாலே புது மன்றத்தில் மேயரானார். முன்னாள் உறுப்பினர்களுள் ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, ஒருவர் விடுவிக்கப்பட்டார். ரிஸ்ஸோவுக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறை. நாளிதழுக்குப் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. நூற்றாண்டுக்கு முன் திரும்ப அழைக்கும் உரிமைக்கு முதல் காரணமாயிருந்த அதே நாளிதழ்தான் இது என்பது வரலாற்றின் விளையாட்டு.

மான்டெரே பார்க், பாம்டேல்

சான் கேப்ரியல் பள்ளத்தாக்கின் மான்டெரே பார்க்கில் 1970களிலிருந்து தைவான், ஹாங்காங் முதலிய இடங்களிலிருந்து சீனர்கள் குடியேறினர். 1983இல் லில்லி லீ சென் மேயரானார். அமெரிக்காவில் மேயரான முதல் சீன அமெரிக்கப் பெண் அவர். ஆனால் 1986 ஏப்ரல் தேர்தலில் அவரும் இரு லத்தீனோ உறுப்பினர்களும் தோற்று, மூன்று வெள்ளையர்கள் வந்தனர். கடைகளின் சீன எழுத்துப் பலகைகளும் பெருகிவந்த கட்டடங்களும் அத்தேர்தலின் பேச்சு. ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழியாக வேண்டும் என்று புது மன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு வலுக்க, சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற்றது. 1988இல் ஜூடி சூ வென்றார். மொழியை வைத்து மக்களைப் பிரிக்கக் கூடாது என்ற கூட்டணியிலிருந்து வந்த அவர், பின்னர் நாடாளுமன்றம் வரை சென்றார்.

வடக்கே பாலைவன ஓரத்திலுள்ள பாம்டேலில் சண்டை நீதிமன்றத்தில் நடந்தது. மக்களில் பாதிக்கு மேல் லத்தீனோக்கள். ஆனால் நகர் முழுவதும் ஒரே தொகுதி என்ற முறையில் அதுவரை மன்றத்துக்குத் தேர்வான லத்தீனோ ஒரே ஒருவர். கலிபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் 2012இல் வழக்குத் தொடரப்பட்டது. நகரம் தோற்று, தொகுதி முறைக்கு மாற ஒப்புக்கொண்டு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு 45 லட்சம் டாலர் தந்தது. அந்தத் தொகையைக் கேட்டபின் பல நகரங்கள் வழக்கு வருமுன்பே தாமாகத் தொகுதிகளை வரைந்துகொண்டன. சான்டா மோனிகா மட்டும் விடாமல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போராடியது.

தேர்தல் தேதி

நகரத் தேர்தல்களை மாநில, நாட்டுத் தேர்தல்கள் இல்லாத ஒற்றைப்படை ஆண்டுகளில், மார்ச் அல்லது ஏப்ரலில் நடத்துவது நெடுநாள் வழக்கம். உள்ளூர்ப் பிரச்சினை தனித்து நிற்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நடைமுறையில் வாக்களிக்க வந்தோர் வயதானவர்களும் சொந்த வீடு உள்ளவர்களும் நகராட்சி ஊழியர் சங்கத்தினரும்தான். 2013இல் எரிக் கார்செட்டி லாஸ் ஏஞ்சலஸ் மேயரானபோது நான்கில் ஒருவருக்கும் குறைவானவரே வாக்களித்தனர். அவர் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 2,22,000.

2015இல் தேர்தலை இரட்டைப்படை ஆண்டுக்கு மாற்றச் சாசனம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்துக்கான வாக்கெடுப்புக்கே பத்தில் ஒருவர் அளவில்தான் வந்தனர்! அதே ஆண்டு மாநிலமும், வாக்குப்பதிவு மிகக் குறைவான நகரங்கள் பொதுத் தேர்தலோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் இயற்றியது. விளைவு உடனே தெரிந்தது. 2022 நவம்பரில் கேரன் பாஸ் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று நகரின் முதல் பெண் மேயரானார். எதிர்த்து நின்ற கட்டட அதிபர் ரிக் கருசோ செலவிட்டது ஏறத்தாழ பத்துக் கோடி டாலர்.

புதிய தேதியில் மன்ற உறுப்பினர் தேர்தல் முதலில் நடந்தது 2020இல். நான்காவது தொகுதியில் நித்யா ராமன், பதவியிலிருந்த டேவிட் ரியூவைத் தோற்கடித்தார். பதவியிலிருக்கும் உறுப்பினர் ஒருவர் அம்மாநகரில் தோற்றது 17 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. கேரளத்தில் பிறந்து ஆறு வயதில் அமெரிக்கா சென்ற நித்யா, நகரத் திட்டமிடல் படித்தவர். சென்னையில் 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கி, குடிசைப் பகுதிகளையும் பொதுக் கழிப்பறைகளையும் வரைபடத்தில் குறிக்கும் பணியை நடத்தியவர் என்பது தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி. பழைய மார்ச் மாதத் தேர்தலாக இருந்தால், வாடகைக் குடியிருப்போரையும் இளைஞர்களையும் நம்பிய அவரது பிரசாரம் வென்றிருக்குமா என்பது ஐயமே.

2022 அக்டோபரில் வெளியான ஓர் ஒலிப்பதிவு மன்றத்தையே உலுக்கியது. தொகுதி எல்லைகளைத் தமக்குச் சாதகமாக வரைவது பற்றி மன்றத் தலைவரும் இரு உறுப்பினர்களும் இனவெறுப்புச் சொற்களோடு பேசியிருந்தனர். தலைவர் நியூரி மார்ட்டினெஸ் விலகினார். 2024 நவம்பரில், எல்லை வரையும் பொறுப்பை மன்றத்திடமிருந்து எடுத்துத் தனி ஆணையத்துக்குத் தர மக்கள் வாக்களித்தனர். கவுண்டியின் மேற்பார்வையாளர்களை ஐந்திலிருந்து ஒன்பதாக்கும் திருத்தமும் அதே நாளில் நிறைவேறியது.

எல்லா நகரங்களும் தேதியை மாற்றவில்லை. கடற்கரை நகரான ரெடோண்டோ பீச், தான் சாசன நகரம் என்பதால் மாநிலச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட்டு 2020இல் வழக்கில் வென்றது. அங்கே இன்றும் மார்ச் மாதத்தில்தான் தேர்தல். காம்ப்டனில் 2021 ஜூனில் மன்றத்தின் ஓர் இடத்துக்கு இரண்டாம் சுற்று நடந்தது. ஒருவருக்கு 855 வாக்குகள், மற்றவருக்கு 854. ஒரு வாக்கில் வென்றவர் பதவியேற்றார். அத்தொகுதியில் குடியிராத நால்வர் வாக்களித்திருந்தனர் என்று அடுத்த ஆண்டு நீதிமன்றம் கண்டது. அந்த நான்கும் கழிக்கப்பட்டன. 854க்கு 851 என்ற கணக்கில், தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் மன்றத்துக்குள் நுழைந்தார்.